ஏழரை ஷில்லிங் மூட்டை: 1917-இல் ஹார்ஸ் செஸ்நட் கொட்டைகள் போருக்குப் போன கதை

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பிரிட்டனின் பள்ளிக்கூடச் சுவர்களிலும் சாரணர் குடில்களிலும் ஓர் அறிவிப்பு தொங்கியது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஹார்ஸ் செஸ்நட் கொட்டைகளைப் பிள்ளைகள் பொறுக்கிச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இது மிக அவசரமான போர்ப்பணி, பெரியவர்கள் ஊக்குவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கூலியும் உண்டு. ஒரு ஹண்ட்ரட்வெயிட்டுக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ். ஹண்ட்ரட்வெயிட் என்பது 112 பவுண்டு, ஏறக்குறைய 51 கிலோ. பழைய ஆட்கள் ‘அந்தர்’ என்று சொல்வார்களே, அதுதான். 6 பென்ஸ் என்பது அரை ஷில்லிங், ஆக மூட்டைக்கு ஏழரை ஷில்லிங். ஏழரை என்ற எண்ணைப் பார்த்ததும் நமக்கு என்ன ஞாபகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் அது பொருத்தமாகவே அமைந்தது.

கொட்டை எதற்கு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்கவும் இல்லை. மலைமலையாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். அதில் ஏறக்குறைய 3,000 டன் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி ரயில் நிலையங்களில் குவிந்து கிடந்து அழுகியது. 1918 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, ஜூலையில் ஆலையே மூடப்பட்டது.

இந்தக் கதையைப் பலரும் ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். விளையாட்டுக் கொட்டையிலிருந்து வெடிமருந்து, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏன் இது தோற்றது என்று பார்க்கப் போனால் வேதியியலைவிட மரத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. திட்டம் போட்டவர்கள் கொட்டையை மாவுச்சத்து மூட்டையாகப் பார்த்தார்கள். அது விதை, அதுவும் உயிரும் ஈரமுமாக இருக்கிற விதை. என் பார்வையில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

குண்டுக்குள் இருந்த கரைப்பான்

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். பிரிட்டிஷ் பீரங்கிகளிலும் துப்பாக்கிகளிலும் குண்டை முன்னே தள்ளிய மருந்துக்குப் பெயர் கார்டைட். 1889-இல் ஏபல், டூவர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் உருவாக்கியது. புகை அதிகம் வராது என்பதால் பழைய கரிமருந்தை அது ஓரங்கட்டிவிட்டது. வெடிபஞ்சும் நைட்ரோகிளிசரினும் அதன் முக்கியச் சரக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் களியாக்கி, கயிறு போலப் பிழிந்து எடுக்க ஒரு கரைப்பான் தேவைப்பட்டது. அந்தக் கரைப்பான் அசிட்டோன். இன்று நகச்சாயம் அழிக்கக் கடையில் வாங்குகிறோமே, அதே சாமான்தான். பிழிந்து உலர்த்தியதும் அசிட்டோன் ஆவியாகிப் போய்விடும். கடைசிப் பொருளில் இருக்காத ஒன்று இல்லாமல் போனதால் ஒரு சாம்ராஜ்யமே திண்டாடியது.

போருக்கு முன்பு அசிட்டோன் மரத்திலிருந்து வந்தது. கட்டையைக் காற்றில்லாமல் சுட்டு, வரும் அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்து, அந்த உப்பை மறுபடி சூடாக்கி வடிப்பார்கள். மலை போல மரம் எரித்தால் மடக்கு அளவு அசிட்டோன். இதற்கேற்ற காடு பிரிட்டனில் கிடையாது. பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். 1914-இல் போர் மூண்டதும், 1915 வசந்தத்தில் போர்முனையில் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்து பெரிய அரசியல் புயல் அடித்ததும், வெடிபொருள் அமைச்சகம் என்று தனியாக ஒன்று தொடங்கி, பின்னால் பிரதமரான லாயிட் ஜார்ஜிடம் கொடுத்ததும் தெரிந்த வரலாறு.

அந்த நேரத்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹைம் வைஸ்மான் என்ற வேதியியலாளர் இருந்தார். இன்றைய பெலாரூஸில் உள்ள மொட்டோல் என்ற சிற்றூரில் பிறந்தவர். மாவுச்சத்தைத் தின்று அசிட்டோனும் பியூட்டனாலும் கொஞ்சம் எத்தில் ஆல்கஹாலும் கக்குகிற ஒரு பாக்டீரியாவை அவர் பிரித்தெடுத்து வைத்திருந்தார். பின்னாளில் குளோஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிகம் என்று பெயர் பெற்றது அதுதான். மூன்றும் தோராயமாக 3:6:1 என்ற விகிதத்தில் வரும். அதாவது வேண்டிய அசிட்டோனைப் போல இரண்டு மடங்கு வேண்டாத பியூட்டனால் சேர்ந்தே வரும். அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் தன்னைக் கூப்பிட்டு 30,000 டன் அசிட்டோன் வேண்டும் என்று கேட்டதாக வைஸ்மான் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

லண்டனில் ஒரு ஜின் வடிசாலையில் சோதனை ஓட்டம் நடந்தது. டார்செட்டில் ஹோல்டன் ஹீத் என்ற இடத்தில் கடற்படைக்கென்று கார்டைட் ஆலை எழுந்தது. நார்ஃபோக்கில் கிங்ஸ் லின் ஊரில் உருளைக்கிழங்கை வைத்து வேறு முறையில் தடுமாறிக்கொண்டிருந்த ஓர் ஆலையை 1916-இல் அரசு எடுத்துக்கொண்டு வைஸ்மான் முறைக்கு மாற்றியது. மூலப்பொருள் மக்காச்சோளம். பாக்டீரியாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வேக வைத்த மக்காச்சோளக் கூழில் விட்டால் அமைதியாக வேலை பார்த்தது. எல்லாம் சரி, ஆனால் மக்காச்சோளம் பிரிட்டனில் விளைவதில்லை. கப்பலில்தான் வர வேண்டும்.

1917 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜெர்மனி தன் நீர்மூழ்கிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகளை எல்லாம் நீக்கியது. ஏப்ரல் மாதத்தில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. வந்து சேர்கிற தானியம் வாய்க்கா, பீரங்கிக்கா என்ற கேள்வி எழுந்தது. அப்போதுதான் உள்ளூரில், சும்மா, மனிதன் சாப்பிடாத மாவுச்சத்து எங்கே இருக்கிறது என்று தேடி ஹார்ஸ் செஸ்நட்டில் வந்து நின்றார்கள்.

மரம்

இந்தத் தேடலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்டனில் தெருவுக்குத் தெரு, பூங்காவுக்குப் பூங்கா இந்த மரம் நின்றது. ஆனால் அது பிரிட்டனின் மரமே அல்ல. ஈஸ்குலஸ் ஹிப்போகாஸ்டானம் என்ற இதன் பிறந்த வீடு பால்கன் மலைகள். கிரீஸ், அல்பேனியா, வட மாசிடோனியா பக்கத்து ஈரமான பள்ளத்தாக்குகளில் சிறு சிறு திட்டுகளாக மட்டுமே இயற்கையாக வளர்ந்தது. 1576-இல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வியன்னாவுக்கு, குளூசியஸ் என்ற தாவரவியலாளர் கைக்கு விதை வந்தது. அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. துருக்கியர் வழியாக வந்ததால் எங்கோ கிழக்கே உள்ள மரம் என்று நினைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இதை ‘மரோனியே தாந்த்’, அதாவது இந்தியாவின் செஸ்நட் என்றே அழைக்கிறார்கள். இந்தியாவுக்கும் இந்த மரத்துக்கும் சம்பந்தமில்லை. இமயமலையில் வளர்வது இதன் இனத்திலேயே வேறு சாதி, ஈஸ்குலஸ் இண்டிகா.

பெயரில் குதிரை வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். இருமல் வந்த குதிரைகளுக்குத் துருக்கியர் இந்தக் கொட்டையைக் கொடுத்தார்கள் என்பது ஒன்று. இலை உதிர்ந்த இடத்தில் கிளையில் லாடம் போன்ற தழும்பு, ஆணி அடித்த புள்ளிகளோடு சேர்த்து, இருக்கும் என்பது இன்னொன்று. முதலாவதுதான் பெயர் வைத்தவர்கள் காலத்தில் சொல்லப்பட்டது. இரண்டாவது, பெயரைக் கேட்டபின் மரத்தைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்ததாக இருக்கலாம். எதுவானாலும், அந்தத் தழும்பை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் இதை அழகுக்காகத்தான் நட்டார்கள். லண்டனுக்கு மேற்கே புஷி பூங்காவில் கிறிஸ்டோபர் ரென் திட்டமிட்டு 1699-இல் அமைத்த செஸ்நட் சாலை ஒரு மைல் நீளம். மே மாதம் மெழுகுவத்தி ஏற்றி வைத்தது போல மரம் முழுக்கப் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். பூவின் நடுவில் மஞ்சள் பொட்டு. தேன் தீர்ந்ததும் அதுவே சிவப்பாகிவிடும். வண்டுக்கு ‘கடை சாத்தியாச்சு’ என்று பலகை மாட்டுகிற மாதிரி. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் முள்ளுள்ள பச்சை உறை வெடித்து, மெருகேற்றிய தேக்கு போலப் பளபளக்கும் பழுப்புக் கொட்டை கீழே விழும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இது தோப்பாக நிற்கிற மரம் அல்ல. பூங்காவில் பத்து, தேவாலய முற்றத்தில் இரண்டு, பள்ளி வாசலில் ஒன்று என்று நாடெங்கும் சிதறி நிற்பது. இரண்டு, விளைச்சல் முழுவதும் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆலைக்குத் தேவை ஆண்டு முழுவதும் சீராக வருகிற சரக்கு. மரம் தருவது எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் விழுகிற மழை.

சிதறிக் கிடப்பதைப் பொறுக்கப் பிள்ளைகளை விட்டால் வேறு ஆள் கிடையாது என்று யோசித்தவர் உண்மையிலேயே கெட்டிக்காரர். அவர்கள் எப்படியும் பொறுக்கத்தான் போகிறார்கள். ‘கான்கர்’ என்று அந்தக் கொட்டைக்கே பெயர் வைத்து, துளை போட்டு நூலில் கோத்து, ஒருவன் கொட்டையை இன்னொருவன் அடித்து உடைக்கிற ஆட்டம் அங்கே பரம்பரை விளையாட்டு. ஹார்ஸ் செஸ்நட்டை வைத்து ஆடியதற்கு 1848-இல் வைட் தீவிலிருந்து பதிவு இருக்கிறது. எந்த மரம் பெரிய கொட்டை போடும், எது முதலில் உதிரும் என்பது ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அரசாங்கம் பயிற்சி கொடுக்காமலே கிடைத்த படை.

கூலிக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு கொட்டை சராசரியாக 15 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 3,400 கொட்டை. ஏழரை ஷில்லிங் என்பது 90 பென்ஸ். ஒரு பென்னிக்கு 37, 38 கொட்டை விழுகிறது. மூட்டை நிறைய முதுகு ஒடிய வேண்டும், ஆனால் ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து இறங்கினால் ஒரு நாளில் பல மூட்டை நிறையும். இறங்கினார்கள்.

கொட்டைக்குள் என்ன இருக்கிறது

உலர்ந்த கொட்டையில் பெரும்பங்கு மாவுச்சத்து. தோராயமாக நூற்றுக்கு நாற்பது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். தாளில் பார்த்தால் ஆசை காட்டுகிற எண். ஆனால் மாவுச்சத்தோடு கூட ஈஸ்கின் என்ற சப்போனின் (சோப்பு போல நுரைக்கும் பொருள்) கலவையும், ஈஸ்குலின் என்ற இன்னொரு நச்சும், துவர்ப்புச் சத்தும் இருக்கின்றன. தின்றால் வயிற்றைப் புரட்டி வாந்தியும் பேதியும் வரும். சாப்பிடுகிற ஸ்வீட் செஸ்நட் வேறு குடும்பத்து மரம். பெயரிலும் தோற்றத்திலும் ஒற்றுமை, உறவு கிடையாது. ஹார்ஸ் செஸ்நட்டுக்கு நிஜமான பங்காளி யார் தெரியுமா? பூந்திக்கொட்டை. இரண்டும் சப்பிண்டேசியே குடும்பம்; லிச்சியும் அதே வீடுதான். பூந்திக்கொட்டையைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை பொங்குவது எதனாலோ, அதனாலேதான் ஹார்ஸ் செஸ்நட் கூழும் நுரைக்கும்.

சரி, இதை யாரும் உணவாக்கியதே இல்லையா என்றால், உண்டு. ஜப்பானில் இதன் சகோதர இனமான ஈஸ்குலஸ் டர்பினாட்டாவின் கொட்டையை ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊற வைத்து, மரச் சாம்பலோடு சேர்த்துக் கசப்பெடுத்து, அரிசியோடு இடித்துத் தொச்சிமொச்சி என்ற பண்டம் செய்கிறார்கள். கலிபோர்னியாவின் பழங்குடிகள் தங்கள் ஊர் இனத்தின் கொட்டையைப் பொடித்து, திரும்பத் திரும்ப நீர் விட்டு அலசி உண்டார்கள். அலசாத பொடியை ஆற்றில் கலந்து மீனை மயக்கிப் பிடித்ததும் அவர்கள்தான். சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும். ஆக, இந்தக் கொட்டையோடு பழகியவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் செய்திருக்கிறார்கள். பயன்படுத்துவதற்கு முன்னால் நிறைய நேரமும் நிறைய தண்ணீரும் செலவழித்தார்கள்.

மக்காச்சோளக் கூழுக்குப் பழகிய ஒரு பாக்டீரியாவிடம் இந்தச் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன ஆகும்? கிங்ஸ் லின் ஆலையில் தொடக்கத்திலேயே பல கோளாறுகள் தலைகாட்டின, கொட்டை மட்டமான மூலப்பொருள் என்று தெரிந்துபோனது. இந்த நொதித்தலில் வாயு ஏராளமாக வெளிவரும். சோப்புத்தன்மை உள்ள கூழுக்குள் வாயு புகுந்தால் தொட்டி என்ன பாடு படும் என்று பால் பொங்கவிட்ட எவருக்கும் தெரியும். அத்தோடு துவர்ப்புச் சத்து புரதத்தைக் கட்டிவிடும் குணமுள்ளது. பாக்டீரியா வளரப் புரதம் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்துதான் வேலையைக் கெடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

ரயில் நிலையத்தில் நடந்தது

ஆனால் தொட்டிக்குள் நடந்ததைவிட அதற்கு முன்னால் நடந்ததுதான் பெரிய சேதம் என்று நினைக்கிறேன்.

தானியத்தை நாம் சேமிக்க முடிகிறதற்குக் காரணம், அது காய்ந்த விதை. நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் முற்றும்போதே தம் நீரை விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும். பத்தாயத்தில் கொட்டி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஹார்ஸ் செஸ்நட் அந்த வகை அல்ல. மரத்திலிருந்து விழும்போது அதன் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். காய்ந்தால் விதை செத்துவிடும். குளிரில் ஈரத்தோடு கிடந்து, வசந்தத்தில் முளைக்க வேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு. தாவரவியலாளர்கள் காயப்போட முடியாத இந்த மாதிரி விதைகளைத் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள்; அந்த வகைக்கு எடுத்துக்காட்டாக ஆய்வகங்களில் மறுபடி மறுபடி சோதிக்கப்பட்ட விதைகளில் இதுவும் ஒன்று.

ஈரமான, மூச்சு விடுகிற விதையை ஆளுயரத்துக்குக் குவித்தால் குவியலின் நடுவே சூடேறும். அது பூஞ்சைக்கு விருந்து. 1917 இலையுதிர் காலத்தில் நடந்தது இதுவே. பிள்ளைகள் சேர்த்த வேகத்துக்கு ஏற்ற ரயில் வண்டிகள் இல்லை. போர்க்காலத்து ரயில்வேயில் படைகளும் நிலக்கரியும் போனபிறகுதான் மற்றது. நிலையங்களில் கொட்டைகள் குவியல் குவியலாக அழுகிக் கிடக்கின்றன என்று லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதங்கள் வந்தன. கோதுமை மூட்டை இரண்டு வாரம் தாமதமானால் இரண்டு வாரம் தாமதம், அவ்வளவுதான். இந்தக் கொட்டை இரண்டு வாரம் தாமதமானால் பாதி சரக்கு காலி.

கெடாமல் வைக்க வழியே இல்லையா? பொறுக்கிய ஊரிலேயே நறுக்கிச் சூட்டில் உலர்த்தி மாவாக்கி அனுப்பியிருக்கலாம். முளைக்க வைக்கப் போவதில்லையே, விதை செத்தால் என்ன! ஆனால் அதற்கு ஊர்தோறும் உலர்த்தும் வசதி, எரிபொருள், ஆள் எல்லாம் வேண்டும். அதையெல்லாம் கூட்டிக் கழித்தால் சும்மா கிடைக்கிற மாவுச்சத்து என்ற கணக்கே அடிபட்டுப் போகும். பொறுக்கக் கூலி குறித்தவர்கள், ரயிலேற்ற ஏற்பாடு செய்தவர்கள், தொட்டி கட்டியவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். நடுவில் இருக்கிற இந்தச் சில வாரங்களுக்குத்தான் ஆளில்லை.

இன்னொரு இடறல், இரகசியம். எதற்கு என்று வெளியே சொன்னால் ஜெர்மானியர்களுக்குத் துப்புக் கிடைத்துவிடும் என்று அரசு வாயை இறுக்கி மூடிக்கொண்டது. விளைவு, யாரோ ஒரு தனியார் கம்பெனி லாபம் பார்க்கப் பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டுகிறது என்று பத்திரிகைக்குப் புகார்க் கடிதம் போனது. நாடாளுமன்றத்தில் கேட்டபோதும் மழுப்பலான பதில்தான் வந்தது. இரகசியம் காத்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன், போர்க்காலம். ஆனால் பொருள் எதற்கு என்று தெரிந்தால்தானே ஒரு நிலைய அதிகாரியோ பள்ளித் தலைமையாசிரியரோ ‘இது அழுகினால் வேலைக்கு ஆகுமா ஆகாதா’ என்று கேட்டிருப்பார்? தெரியாதவருக்கு அழுகிய குவியலும் குவியல்தான்.

எவ்வளவு கிடைத்திருக்கும்?

கிங்ஸ் லின்னுக்குப் போய்ச் சேர்ந்த 3,000 டன்னை வைத்து நான் ஒரு தாள் கணக்கு போட்டேன். ஆலையின் கணக்குப் புத்தகம் அல்ல இது, எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் என்ன உச்சம் என்று பார்ப்பதற்கு மட்டும். 3,000 டன் என்றால் ஏறக்குறைய 20 கோடிக் கொட்டைகள். பாதி நீர் போக 1,500 டன். அதில் நாற்பது சதவீதம் மாவுச்சத்து என்றால் 600 டன். நல்ல மக்காச்சோளக் கூழில் வைஸ்மானின் பாக்டீரியா மாவுச்சத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்று மிஞ்சி மூன்று கரைப்பான்களாகவும் சேர்த்துக் கொடுக்கும்; அதில் பத்தில் மூன்று பங்கு அசிட்டோன். ஆக, ஏறக்குறைய 65 டன் அசிட்டோன். அதுவும் ஒரு கொட்டைகூட அழுகாமல், நுரை பொங்காமல், பாக்டீரியா முகம் சுளிக்காமல் இருந்தால்.

சர்ச்சில் கேட்டதாகச் சொல்லப்படும் 30,000 டன்னுக்கு முன்னால் இதை வைத்துப் பாருங்கள். இன்னொரு வேடிக்கை, 1917 ஜூலையில் வெடிபொருள் அமைச்சராக வந்து உட்கார்ந்தவரும் அதே சர்ச்சில்தான். பிள்ளைகள் கொட்டை பொறுக்கியது அவர் துறைக்காக.

கூலியைப் பார்த்தால் டன்னுக்கு 20 மூட்டை, 150 ஷில்லிங், அதாவது ஏழரை பவுண்டு. மறுபடியும் ஏழரை! 3,000 டன்னுக்கு 22,500 பவுண்டு. அழுகிப்போனதற்குக் கொடுத்தது இதில் சேராது. ஒரு பெரும்போரின் செலவில் இது தூசு. அதனால் பணம் வீணானது என்பதைப் பெரிய குற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. முயற்சி செய்து பார்க்க வேண்டிய நேரம், பார்த்தார்கள்.

அசிட்டோன் பற்றாக்குறையைத் தீர்த்தது வேறு வழிகள். கனடாவில் டொராண்டோ நகரத்து ஒரு பெரிய வடிசாலை 1916-இலேயே வைஸ்மான் முறைக்கு மாறி அசிட்டோன் வடிக்கத் தொடங்கிவிட்டது. இதன் சூட்சுமம் எளிமையானது. மக்காச்சோளத்தை அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுவந்து இங்கே புளிக்க வைப்பதற்குப் பதிலாக, விளைகிற இடத்திலேயே புளிக்க வைத்து வடித்ததை மட்டும் கப்பலில் ஏற்றினால் பத்துப் பங்கு சுமை ஒரு பங்காகிவிடும். கொட்டை விஷயத்தில் எந்த இடத்தில் கோட்டை விட்டார்களோ, அந்த இடத்தை இங்கே சரியாகப் பிடித்திருந்தார்கள். இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னாவில் எழுந்த பிரம்மாண்ட ஆலையில் அசிட்டோனே தேவைப்படாத புதுவகை கார்டைட் தயாரானது. வெடிபஞ்சைக் கொஞ்சம் மாற்றி, ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்த கரைப்பானில் குழைத்தார்கள். நீண்ட நாள் கப்பலில் வைத்திருந்தால் இது நிலையாக இருக்குமா என்று கடற்படைக்குச் சந்தேகம். அதனால் அவர்கள் அசிட்டோனை விடவில்லை. தரைப்படைக்கு அந்தக் கவலை இல்லை, வாங்கிய குண்டு அடுத்த மாதமே சுடப்பட்டுவிடும். அப்புறம், கப்பல்களைக் கூட்டமாகக் காவலோடு அனுப்பத் தொடங்கியதில் மூழ்குவதும் குறைந்தது. 1918 கோடையில் கிங்ஸ் லின் மூடப்பட்டபோது அதை நம்பி யாரும் காத்திருக்கவில்லை.

வைஸ்மானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் அமைய ஆதரவளிப்பதாக பிரிட்டன் சொன்ன பால்ஃபர் பிரகடனம் 1917 நவம்பர் 2-ஆம் தேதி வந்தது, கொட்டைகள் ரயில் நிலையங்களில் குவிந்து கிடந்த அதே பருவத்தில். அசிட்டோனுக்குக் கைம்மாறாகத்தான் அது கொடுக்கப்பட்டது என்ற தொனியில் லாயிட் ஜார்ஜ் பின்னாளில் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. பிரகடனத்துக்குப் பின்னால் இருந்த அரசியல் கணக்குகள் பல. 1949-இல் வைஸ்மான் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானார்.

அவர் பாக்டீரியா கக்கிய பியூட்டனாலுக்கும் காலம் வந்தது. 1920-களில் மோட்டார் கார்களுக்குச் சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணப்பூச்சு வந்தபோது அதற்குப் பியூட்டனாலிலிருந்து செய்த கரைப்பான் தேவைப்பட்டது. போரின்போது வேண்டாத பொருளாக இருந்தது முதன்மைச் சரக்கானது, அசிட்டோன் உபரியானது.

மரத்தின் இன்றைய நிலை

மரத்தைப் பொறுத்தவரை அதற்குப் பின்வந்த நூற்றாண்டு சுகமாக இல்லை. 1984-இல் மாசிடோனியாவின் ஓரித் ஏரிப் பக்கத்தில், இதன் இலையைக் குடைந்து தின்னும் ஒரு மிகச் சிறிய அந்துப்பூச்சியைக் கண்டார்கள். 1986-இல் அதற்குக் கமெராரியா ஓரிடெல்லா என்று பெயர் வைத்தார்கள். வாகனங்களில் தொற்றிக்கொண்டு ஐரோப்பா முழுக்கப் பரவி, 2002-இல் லண்டனின் விம்பிள்டனில் வந்து இறங்கியது. ஆகஸ்டிலேயே மரம் முழுக்கப் பழுப்பாகி, இலையுதிர் காலம் முன்கூட்டியே வந்தது போல நிற்கும். பூச்சி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை உலர்தாவரக் காப்பகத்தில் கிடைத்தது. கிரீஸில் 1879-இல் ஹெல்டிரைக் என்ற தாவரவியலாளர் அழுத்திக் காயவைத்த இலைகளுக்குள்ளேயே அதன் புழுக்கள் இருந்தன. மரத்தின் சொந்த ஊர் பால்கன்தான் என்று நிலைநாட்டியவரும் அவரே. பழைய ஊரில் விட்டுவிட்டு வந்த பங்காளி நானூறு ஆண்டு கழித்துத் தேடி வந்ததுபோல் ஆயிற்று.

பட்டையில் ரத்தம் போலக் கசிய வைக்கும் ஒரு பாக்டீரிய நோயும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பிரிட்டனில் வேகமாகப் பரவியது. 2019-இல் ஐரோப்பிய மரங்களின் சிவப்புப் பட்டியலில் ஹார்ஸ் செஸ்நட் ‘அழிவாய்ப்புள்ள’ இனமாகச் சேர்க்கப்பட்டது. தெருவெல்லாம் நிற்கிற மரம் எப்படி என்று தோன்றும். பட்டியல் பார்ப்பது பால்கன் மலையில் தானாக வளர்கிற அந்தச் சிறு திட்டுகளை.

இலைப்பூச்சி தாக்கிய மரம் சாவதில்லை, அடுத்த வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். ஆனால் கோடையின் பிற்பகுதியில் இலை வேலை செய்யாததால் கொட்டைக்குப் போகிற மாவுச்சத்து குறையும். மோசமாகத் தாக்கப்பட்ட மரங்களின் கொட்டை சிறுத்தும் எடை குறைந்தும் விழுகிறது. 1917-இல் 3,400 கொட்டையில் நிறைந்த மூட்டைக்கு, அந்த மரங்களின் அடியில் இன்று இன்னும் பல நூறு தடவை குனிய வேண்டியிருக்கும்.